கேத்தாச்சௌ ஹைலேயின் பட்டியல்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எத்தியோப்பிய அறிஞர் கேத்தாச்சௌ ஹைலே பற்றி சென்ற மாதம் நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். நான்கே பத்தி. ராணுவத்தால் சுடப்பட்டு, நடக்க முடியாமல் ஆகி, அமெரிக்காவில் ஒரு நூலகத்தில் பல ஆண்டுகள் பழைய சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர் என்று அறிமுகம் செய்திருந்தீர்கள். "நம் காலத்தின் பெரும் படிப்பாளிகளில் ஒருவர்" என்றும் எழுதியிருந்தீர்கள்.

நானும் பட்டியல் போடுகிறவன்தான். ஒரு கல்லூரி நூலகத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை. புத்தகத்தை எடு, தலைப்பை அடி, ஆசிரியர் பெயரை அடி, எண் ஒட்டு, அடுத்ததை எடு. ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. பழைய புத்தகங்களின் முதல் பக்கத்தில் யாராவது எதையாவது எழுதி வைத்திருப்பார்கள். மென்பொருளில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் நேரம் போகிறது என்பார்கள், அதனால் காலியாகவே விடுகிறோம். உண்மையைச் சொன்னால், இந்த வேலையில் அறிவுக்கு என்ன இடம் என்றே எனக்குத் தெரியவில்லை. வெறும் பட்டியல் போட்டவரை அறிஞர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நூல்களை எழுதியவர்கள், ஆராய்ந்தவர்கள் வேறு அல்லவா?

இரண்டாவது கேள்வி. அவர் கெய்ரோவில் கோப்டிக் இறையியல் கல்லூரியில் படித்தார் என்று ஒரு வரி வருகிறது. எத்தியோப்பியாவுக்கும் கோப்டிக்குக்கும் என்ன தொடர்பு?

மூன்றாவது கேள்வியைத் தயக்கத்தோடுதான் கேட்கிறேன். சர்வாதிகாரத்தை எதிர்த்துப் பேசிய ஒருவர், பிறகு வாழ்நாள் முழுக்கப் பழைய தோல் புத்தகங்களுக்குள் போய்விட்டது ஒரு விதத்தில் ஒதுங்கல் இல்லையா?

பெயரை வெளியிட வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

"வெறும் பட்டியல்" என்கிறீர்கள். அந்த "வெறும்" என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மூன்று கேள்விகளும் அந்த ஒரு சொல்லில்தான் வந்து நிற்கின்றன.

உங்கள் மேசைக்கு வரும் புத்தகத்துக்கு அட்டை உண்டு. அட்டையில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருக்கும், உள்ளே பதிப்பாண்டு இருக்கும். நீங்கள் பார்த்து அடிக்கிறீர்கள். எத்தியோப்பியச் சுவடியில் இவை எதுவும் கிடையாது. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் காயவைத்து, மழித்து, மடித்துத் தைத்த ஏடுகள். கரியில் செய்த கறுப்பு மை. புனிதப் பெயர்களுக்கும் தொடக்க வரிகளுக்கும் சிவப்பு மை. மேலும் கீழும் மரப்பலகை. அதைத் தோல் உறையில் போட்டு, வாரால் மாட்டி, மடத்துச் சுவரில் முளையடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். எடுத்துத் திறந்தால் தலைப்புப் பக்கம் இருக்காது, பக்க எண் இருக்காது, பெரும்பாலும் ஆசிரியர் பெயரும் இருக்காது. ஒரே கட்டுக்குள் ஒரு புனிதரின் வரலாறு, நான்கு பிரசங்கங்கள், ஒரு ஜெபம், பாதியில் நிற்கும் ஒரு சட்டநூல் என்று பலவும் சேர்ந்திருக்கும். எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைப் படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எப்படி முடிவு செய்வது? முதல் வரியைப் பார்த்ததும் "இது இன்ன பிரசங்கம், வேறு மூன்று சுவடிகளில் இருக்கிறது, இங்கே நடுவில் இரண்டு ஏடு விழுந்துவிட்டது" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது அந்த மொழியில் எழுதப்பட்ட எல்லாவற்றின் தொடக்கமும் முடிவும் தலைக்குள் இருக்க வேண்டும். அச்சானவை மட்டும் போதாது, அச்சுக்கு வராதவையும் தெரிய வேண்டும். ஒரு நூலை எடுத்துப் பதிப்பிக்கிறவர் அந்த நூலை அறிந்தால் போதும். பட்டியல் எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. அடுத்த உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியாது. வேதாகமமாக இருக்கலாம், மாந்திரீகமாக இருக்கலாம், வாரக் கணக்கு, நாள் கணக்கு பார்க்கும் வானியலாகவும் இருக்கலாம்.

அந்த மொழிக்குப் பெயர் கீயெஸ். எத்தியோப்பியாவின் பழைய மொழி. இன்று யாருக்கும் வீட்டுமொழி அல்ல, ஆனால் ஒவ்வொரு நாளும் தேவாலயத்தில் ஓதப்படுகிறது. அதன் எழுத்தைப் பார்த்தால் தமிழருக்கு ஒரு சொந்த உணர்வு வரும். அதில் 26 மெய்கள். ஒவ்வொரு மெய்யோடும் உயிர் சேரும்போது எழுத்தின் உடம்பிலேயே ஒரு கொம்போ காலோ வளைவோ முளைக்கும். ஏழு உயிர், ஆக 182 வடிவம். நாம் 18ஐ 12ஆல் பெருக்கி 216 என்று பள்ளியில் ஒப்பித்ததைப் போல அங்கும் பிள்ளைகள் வரிசை வரிசையாக ஒப்பிக்கிறார்கள். அந்த அரிச்சுவடிக்கு ஃபிதெல் என்று பெயர்.

இன்னொன்றும் நமக்கு உடனே புரியும். எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கேத்தாச்சௌ என்பது அவர் பெயர், ஹைலே அவருடைய அப்பாவின் பெயர். மேற்கத்தியக் கட்டுரைகளில் சிலர் "ஹைலே சொல்கிறார்" என்று எழுதிவிடுகிறார்கள். அது அப்பாவைக் குறிப்பிடுவதாகிவிடும். அவரை கேத்தாச்சௌ என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் 1931இல் ஷோவா பகுதியில் ஷென்கொரா என்ற இடத்தில் பிறந்தார். தேவாலயப் பள்ளி மரபு வழியாக வந்தவர். அந்த மரபைச் சொல்லாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. அதில் படிகள் உண்டு. முதலில் வாசிப்புப் பள்ளி. பிறகு இசைப் பள்ளி. பிறகு கெனே பள்ளி, அதன் பிறகு உரை விளக்கம். கெனே என்பது கீயெஸ் மொழியில் அந்தந்த நேரத்துக்குப் புதிதாகக் கட்டும் செய்யுள். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக் கூடாது. அதன் உயிர் சிலேடை. அவர்கள் அதை "மெழுகும் பொன்னும்" என்கிறார்கள். தட்டான் மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, சூடாக்கி, மெழுகு உருகி ஓடிய இடத்தில் பொன்னை ஊற்றுவான். காதில் முதலில் விழும் பொருள் மெழுகு. அது உருகியபின் நிற்பது பொன். காளமேகத்தை ரசித்த காதுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆயிரம் பிரசங்கங்களின் தொடக்க வரி ஒருவர் தலையில் எப்படி நிற்கும் என்று கேட்டால், சுவடியைத் தொடுவதற்கு முன்பே மொழியைக் காதால் வாங்கி மனத்தில் இருத்தும் ஒரு படிப்பு அங்கே உண்டு என்பதே பதில்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கோப்டிக் என்பது எகிப்தின் பழைய மொழி கடைசியாக எடுத்த உருவம். ஃபேரோக்களின் மொழியே கிரேக்க எழுத்தை வாங்கிக்கொண்டு, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்குத் தன் பழைய எழுத்திலிருந்து சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு எழுதப்பட்டது. கீயெஸ் செமித்திய மொழி, அரபிக்கும் எபிரேயத்துக்கும் உறவு. ஆகவே கோப்டிக்கும் கீயெஸும் நெருங்கிய சொந்தம் அல்ல, எழுத்தும் வேறு. அவற்றைக் கட்டியது தேவாலயம். 4ஆம் நூற்றாண்டில் ஃப்ருமெந்தியுஸ் என்பவரை, எத்தியோப்பியாவின் பழைய அரசான அக்ஸும் நாட்டுக்கு ஆயராக, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தலைமை ஆயராக இருந்த அத்தனாசியுஸ் திருநிலைப்படுத்தினார். அன்று தொடங்கிய வழக்கம் 20ஆம் நூற்றாண்டு வரை நின்றது. எத்தியோப்பியத் திருச்சபையின் தலைமை ஆயரை எகிப்துதான் அனுப்பும். ஆயர் இறந்துவிட்டால் தூதர்களும் காணிக்கையும் கெய்ரோவுக்குப் போகும், புதியவர் வரும்வரை நாடு காத்திருக்கும். அந்தப் பொறுப்புக்கு ஓர் எத்தியோப்பியர் முதன்முதலாக வந்தது 1951இல். பசிலியோஸ் என்ற அவரே 1959இல் முதல் பாத்ரியார்க், அதாவது தன்னுரிமை பெற்ற திருச்சபையின் தலைவர், ஆனார். கேத்தாச்சௌ கெய்ரோவில் படித்தது இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில். ஆயிரத்தறுநூறு ஆண்டுப் பிணைப்பு மரியாதையோடு தளர்ந்துகொண்டிருந்த நேரம். கோப்டிக் இறையியல் கல்லூரியிலும் கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் படித்து, 1957இல் இரண்டு பட்டங்களும் பெற்றார்.

அங்கே கிடைத்தது பட்டம் மட்டும் அல்ல. கீயெஸ் இலக்கியத்தின் பெரும் பகுதி மொழிபெயர்ப்பு. அக்ஸும் காலத்தில் வேதாகமம் கிரேக்கத்திலிருந்து வந்தது. 14ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வந்த ஆயர் சலாமாவின் காலத்தில் இன்னொரு அலை எழுந்தது. அவரை எத்தியோப்பியர்கள் "மொழிபெயர்ப்பாளர் சலாமா" என்றே அழைக்கிறார்கள். அதற்குள் எகிப்தின் கிறிஸ்தவர்கள் அரபிக்கு மாறியிருந்தார்கள். கோப்டிக்கில் பிறந்த நூல் அரபிக்குள் போய், அரபியிலிருந்து கீயெஸுக்கு வந்தது. எத்தியோப்பியத் தேவாலயத்தில் நாள்தோறும் படிக்கும் புனிதர் வரலாற்றுத் தொகுப்பும் அரபியிலிருந்துதான் வந்தது. இதே அரபி வழியில் நம் பக்கத்துக் கதை ஒன்றும் அங்கே போயிருக்கிறது. புத்தரின் கதை கை மாறி, மொழி மாறி, சமயமும் மாறி, யோசபாத் என்ற இளவரசனின் கதையாக மேற்காசியாவில் உலவியது. அதை 1553இல் எம்பாகோம் என்ற துறவி அரபியிலிருந்து கீயெஸில் எழுதினார். அரண்மனையைவிட்டு வெளியே வந்து நோயாளியையும் கிழவனையும் பார்த்து அதிர்ந்த இளவரசன், எத்தியோப்பிய மலைமடத்தில் ஒரு கிறிஸ்தவப் புனிதனாக உட்கார்ந்திருக்கிறான்.

நாள்காட்டியும் ஒன்றே. இரண்டு திருச்சபைக்கும் பதின்மூன்று மாதம். பன்னிரண்டு மாதத்துக்கு முப்பது முப்பது நாள், கடைசி மாதத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள். புத்தாண்டு இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வரும். பட்டியல் எழுதுகிறவருக்கு இது உயிர்நாடியான விஷயம். எழுத்தர் "கருணை ஆண்டு 72" என்று எழுதி முடித்திருப்பார். அது எந்த ஆண்டு? கருணை ஆண்டு என்பது 532 ஆண்டுகள் ஓடி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் சுழற்சி. சந்திரனின் 19ஐயும் சூரியனின் 28ஐயும் பெருக்கினால் வருவது. எந்தச் சுழற்சி என்று எழுத்தர் சொல்ல மாட்டார், அவர் காலத்தவருக்கு அது தெரியும். நாம்தான் எழுத்தின் சாய்வையும் குறிப்பில் வரும் அரசரின் பெயரையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அரசர்களிலும் ஒரே பெயர் கொண்டவர்கள் பலர்.

ஏனோக் நூலை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன், அதை விட மனம் வரவில்லை. கிறிஸ்துவுக்கு முன்பே எழுதப்பட்டு, ஆதிகாலக் கிறிஸ்தவர்கள் மேற்கோள் காட்டிய நூல் அது. மற்ற இடங்களில் மறைந்துபோனது. கிரேக்கத்தில் சில பகுதிகள், சாக்கடல் அருகே கும்ரான் குகையில் அரமேயத் துண்டுகள், எகிப்தில் கோப்டிக்கில் ஒரு சிறு துணுக்கு என்று சிதறல்களே மிஞ்சின. முழு நூல் கீயெஸில் மட்டும் இருக்கிறது. எத்தியோப்பியர்கள் அதைத் தொலைக்கவே இல்லை. அவர்களுடைய வேதாகமத்தின் 81 நூல்களில் அது ஒன்று. ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1773இல் பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தபோது "கண்டுபிடித்தார்" என்று எழுதினார்கள். தேவாலயத்தில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்க் கண்டுபிடித்திருக்கிறார்.

இந்த இடத்தில் பட்டியல்களின் இன்னொரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1868இல் பிரிட்டிஷ் படை எத்தியோப்பியாவின் மக்தலா மலைக்கோட்டையைத் தாக்கியது. தேவோத்ரோஸ் அரசர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அந்தப் படை பம்பாயிலிருந்து கிளம்பியது. தளபதி நேப்பியரின் கீழ் இந்தியச் சிப்பாய்களும் யானைகளும் போனார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவும் அதில் இருந்தது, "அபிசீனியா" என்ற போர்ச் சிறப்பு இன்றும் அந்தப் பிரிவின் பெயரோடு இருக்கிறது. அரசர் ஒரு தேவாலயத்துக்காகச் சேர்த்திருந்த சுவடிகளும் சிலுவைகளும் மகுடங்களும் கொள்ளை போயின. கொள்ளைப்பொருளை 15 யானைகளும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகளும் சுமந்தன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வழியில் ஏலம் நடந்தது. ஏறக்குறைய 350 சுவடிகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. வில்லியம் ரைட் என்ற பெரிய செமித்திய அறிஞர் 1877இல் அங்குள்ள எத்தியோப்பியச் சுவடிகளின் பட்டியலை வெளியிட்டார். அருமையான பட்டியல், இன்றும் பயன்படுகிறது. ஆனால் அதிலுள்ள பெரும்பாலான ஏடுகள் அங்கே போன வழி இதுதான். ஒரு ஏட்டைப் படிக்க வேண்டுமானால் அதன் சொந்தக்காரர் லண்டனுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது.

நூறாண்டு கழித்து நடந்தது வேறு மாதிரி. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் காலேஜ்வில் என்ற சிறு ஊர். அங்கே ஒரு பெனடிக்ட் சபை மடம், மடத்தோடு ஒரு பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சுவடிகள் அழிந்ததைப் பார்த்த அந்தத் துறவிகள், மிஞ்சியவற்றையாவது படமெடுத்து வைப்போம் என்று 1965இல் ஆஸ்திரிய மடங்களில் வேலையைத் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் ஹில் அருங்காட்சியகம் மற்றும் சுவடி நூலகம். எத்தியோப்பிய பாத்ரியார்க்கின் அலுவலகமும், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும், இந்த நூலகமும் சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் எத்தியோப்பியச் சுவடிகளை மைக்ரோஃபிலிமில் எடுக்கத் தொடங்கின. சுவடியைப் படமெடுப்பார்கள், பிறகு அது தன் தேவாலயத்துக்கே திரும்பிப் போகும். ஃபிலிமில் ஒரு பிரதி அடிஸ் அபாபாவில் இருக்கும், ஒரு பிரதி காலேஜ்வில்லுக்கு வரும். 9,000க்கும் மேற்பட்ட சுவடிகள் இப்படிப் படமாயின. திட்டத்துக்குத் துணை நின்ற பாத்ரியார்க் தியோஃபிலோஸை ராணுவ ஆட்சி 1976இல் பதவி நீக்கியது, 1979இல் கொன்றது. படமெடுப்பு நிற்கவில்லை.

அந்த ராணுவ ஆட்சிதான் கேத்தாச்சௌவையும் சுட்டது. அவர் கெய்ரோவிலிருந்து ஜெர்மனியின் ட்யூபிங்கன் போய், 1962இல் செமித்திய மொழியியலில் முனைவர் பட்டம் பெற்று, நாடு திரும்பி அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1974 செப்டம்பரில் பேரரசர் ஹைலே செலாசி வீழ்ந்தார். நவம்பரில் ஒரே இரவில் பழைய ஆட்சியின் அமைச்சர்களும் தளபதிகளுமாக ஏறக்குறைய 60 பேரை விசாரணையின்றிக் கொன்றார்கள். இதெல்லாம் தெரிந்துதான் கேத்தாச்சௌ புதிய ஆட்சியின் ஆலோசனை அவையில் உட்கார்ந்து அந்த ஆட்சியை விமர்சித்துப் பேசினார். 1975 அக்டோபரில் ராணுவத்தினர் அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர் பணியவில்லை. குண்டு முதுகெலும்பில் பாய்ந்தது. இங்கிலாந்தில் சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தார், கால்கள் பிழைக்கவில்லை. 1976இல் காலேஜ்வில் வந்து சேர்ந்தார். வயது 45.

அங்கே வில்லியம் மெக்கோம்பர் என்ற அறிஞர் பட்டியல் வேலையை ஏற்கெனவே தொடங்கியிருந்தார். பின்னாளில் கெய்ரோவில் கோப்டிக் அருங்காட்சியகச் சுவடிகளுக்கும் பட்டியல் செய்தவர். முதல் மூன்று தொகுதி அவருடையது. நான்காவதிலிருந்து கேத்தாச்சௌவின் பெயர் வருகிறது. சிலவற்றை இருவரும் சேர்ந்து செய்தார்கள், சிலவற்றை அவர் தனியாகச் செய்தார். 1993இல் பத்தாம் தொகுதி வந்தபோது 5,000 சுவடிகள் முடிந்திருந்தன. எத்தியோப்பியா குறித்து இன்று யார் எதை எழுதினாலும் "ஈ.எம்.எம்.எல்." என்ற எழுத்துக்களும் பக்கத்தில் ஓர் எண்ணும் வரும். எத்தியோப்பியச் சுவடி மைக்ரோஃபிலிம் நூலகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அந்த எண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் இவர்.

ஒன்றைக் காட்டுகிறேன். எண் 1832. ஹய்க் ஏரியில் ஸ்தேஃபானோஸ் மடம். அங்கே இயசுஸ் மோஆ என்ற மடாதிபதி 1280–81இல் எழுதுவித்த நான்கு நற்செய்திகளின் சுவடி அது. படங்கள் கொண்டது. நற்செய்தி வாசகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்காக மட்டும் என்றால் "நான்கு நற்செய்திகள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். உங்கள் நூலகக் கணக்கும் அதைத்தான் கேட்கும். ஆனால் எத்தியோப்பிய மடங்களில் நற்செய்திச் சுவடிதான் பத்திரப்பதிவு அலுவலகம். புனித நூலில் எழுதியதை அழிக்க மனிதன் அஞ்சுவான் என்பதால் நிலக்கொடை, மடத்தின் சொத்து, யார் எதைக் கொடுத்தார், யாருடைய தகராறு எப்படித் தீர்ந்தது எல்லாவற்றையும் அதன் காலிப் பக்கத்திலும் ஓரத்திலும் எழுதி வைப்பார்கள். 13ஆம் நூற்றாண்டு எத்தியோப்பியாவின் வரலாறு அந்த ஓரங்களில்தான் இருக்கிறது. பட்டியலில் அந்தக் குறிப்புகளைத் தவறவிட்டிருந்தால் அந்த வரலாறும் சேர்ந்தே தவறியிருக்கும். மறுபடி ஒருவர் அந்தச் சுருளை விளக்கில் ஓட்டிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. தயங்கியதற்குக் காரணம் புரிகிறது, ஆனால் நல்ல கேள்வி. ஒதுங்கினாரா?

15ஆம் நூற்றாண்டில் ஸெர்அ யாக்கோப் என்ற பேரரசர் இருந்தார், 1434 முதல் 1468 வரை. ஆற்றல் மிக்கவர், தானே இறையியல் நூல்கள் எழுதியவர், மரியாள் பக்தியை நாடெங்கும் ஆணையாக்கியவர். அதே காலத்தில் எஸ்திஃபானோஸ் என்றொரு துறவி. தந்தை, மகன், தூய ஆவி தவிர வேறு யார் முன்னும் விழுந்து வணங்க மாட்டேன், அரசர் முன்னும்தான் என்றார். அவரும் அவரைப் பின்பற்றியவர்களும் சிறைப்பட்டார்கள், சாட்டையடி பட்டார்கள், மூக்கும் நாக்கும் அறுக்கப்பட்டார்கள். திருச்சபை வரலாற்றில் அவர்கள் பதிதர்கள், அதாவது கொள்கை பிறழ்ந்தவர்கள், ஆனார்கள். ஆனால் அவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதி, குந்த குந்தே என்ற எட்டாத மலைமடத்தில் காத்து வந்தார்கள். கேத்தாச்சௌ பேரரசரின் இறையியலையும் பதிப்பித்தார், பேரரசர் நாக்கறுத்தவர்களின் வரலாற்றையும் பதிப்பித்தார். இரண்டுக்கும் ஒரே கவனம். எஸ்திஃபானோஸ் கூட்டத்தாரின் சரித்திரத்தை ஐரோப்பிய ஆய்வு வரிசையில் கொண்டுவருவதற்கு முன்பே 2004இல், எத்தியோப்பியாவில் இன்று பேசும் அம்ஹாரிக் மொழியில், தன் மக்களுக்குக் கொடுத்தார். கடைத்தெருவில் வாங்கிப் படிக்கும் மொழியில். பதிதர் என்று கேள்விப்பட்டவர்களை எத்தியோப்பிய வாசகர்கள் அவர்களுடைய குரலிலேயே கேட்டது அதில்தான்.

இதை ஒதுங்கல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவையில் எழுந்து பேசியதும் இதுவும் ஒரே மனிதரின் ஒரே பிடிவாதம். தன் வாழ்க்கைக் கதையையும் அம்ஹாரிக்கில்தான் எழுதினார். அமெரிக்காவில் மக்ஆர்தர் நல்கை 1988இல் வந்தது, பிரிட்டிஷ் அகாடமியும் அவரைத் தன் உறுப்பினராக்கியது. அவற்றுக்கு இங்கே ஒரு வரி போதும்.

அவருடைய இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். "ஹத்தாத்தா" என்றொரு கீயெஸ் நூல் உண்டு, ஒரு தத்துவ விசாரணை. பேரரசரின் அதே பெயர் கொண்ட 17ஆம் நூற்றாண்டு எத்தியோப்பியர் ஒருவர் எழுதியதாக நூலே சொல்கிறது. நோன்பையும் துறவையும் அறிவைக் கொண்டு கேள்வி கேட்கிறது. இதை எத்தியோப்பியர் யாரும் எழுதவில்லை, 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஜூஸ்தோ தூர்பினோ என்ற இத்தாலியப் பாதிரியார்தான் எழுதி ஏமாற்றினார் என்று 1920இல் கோந்தி ரொஸ்ஸினி வாதிட்டார். கேத்தாச்சௌவும் பல காலம் அந்தப் பக்கம்தான் இருந்தார். தன் நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் நூல் என்பதற்காக அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு மறுபடி படித்தார். 2017இல், 86 வயதில், அடிப்படையில் இது எத்தியோப்பியர் ஒருவரின் எழுத்துதான், பாதிரியார் சிலவற்றைச் சேர்த்திருக்கிறார் என்று தன் முந்தைய முடிவைத் தானே மாற்றி எழுதினார். சர்ச்சை இன்னும் ஓயவில்லை. நான் கவனித்தது அந்த வயதில் அவர் மறுபடி முதல் ஏட்டிலிருந்து தொடங்கியதைத்தான். 2021 ஜூனில் மறைந்தார்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி ஒன்று உண்டு. பழைய புத்தகங்களின் முதல் பக்கத்தில் யாராவது எதையாவது எழுதி வைத்திருப்பார்கள் என்கிறீர்கள். பதினோரு ஆண்டுகளில் அவற்றை நீங்கள் படிக்காமல் விட்டதில்லை என்று அந்த வரியே சொல்கிறது. மென்பொருளில் அந்தக் கட்டம் இருக்கிறது என்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஒரு புத்தகத்துக்காவது அதை நிரப்புங்கள். யார் யாருக்குக் கொடுத்தது, எந்த ஊர், எந்தப் பள்ளியின் பரிசு, எழுதியபடியே, பிழை இருந்தால் பிழையோடு. தேதி இருந்தால் தேதியையும். பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதியிருந்தால் இரண்டு பெயரையும்.

அன்புடன்.